கதவோரத்துப் பெட்டி

ஜெருசலேமில் மூன்று நாளாக மழை. பல்கலைக்கழகக் கருத்தரங்கு முடிந்து, ஈரக் கோட்டுகளின் வாடையும் குழல்விளக்கின் முனகலும்தான் அறையில் மிஞ்சியிருக்கின்றன. கடவுளின் பெயர் அச்சான தாள்களை இங்கே யாரும் குப்பையில் போடுவதில்லை. கதவோரத்து அட்டைப்பெட்டியில் சேர்த்து, பிறகு இடுகாட்டில் புதைப்பார்கள். இன்று கொடுத்த தாளிலோ, நாஜிகள் கொன்றழித்த ஒரு சிற்றூர் மக்களின் பெயர்ப்பட்டியல் மட்டும். "இதுல கடவுள் பேரே இல்லையே," என்று அதைக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிகிறாள் மாணவி நோகா. மற்றவர்களும் அங்கேதான் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். "அன்னைக்கும் அவர் அங்க இல்லம்மா," என்கிறார் வாராவாரம் வந்து கடைசி வரிசையில் உட்காரும் கிழவர் சேலிக். சிரிக்கப் போனவள், சிரிக்காமல் குடையை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறாள். அவர் கூடைமுன் குனிகிறார். தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தொடையில் வைத்து நீவுகிறார். காபி பட்டதைச் சட்டைக் கையால் துடைக்கிறார். ஒவ்வொரு தாளிலும் பதினேழாவது வரியில் விரல் சற்று நிற்கிறது: பெர்ல், வயது ஆறு. அவருடைய தங்கை. எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அடுக்குகிறார். பலகையை அழித்துக்கொண்டிருந்த பேராசிரியர் திர்ட்சா திரும்பிப் பார்க்கிறார். "சேலிக், அது புதைக்கப் போற பெட்டி." "தெரியும்மா. இவங்களை இன்னும் யாரும் புதைக்கலையே."