புராஸ்டேட்டில் ஒரு கூவல்

"கிருமி வந்திருக்கு, ஓடிவாங்க!" என்று புராஸ்டேட் சுரப்பியிலிருந்து யாரோ கூவியதைக் கேட்டு, ரத்தத்தில் காவல் சுற்றிய வெள்ளையணு அடித்துப் பிடித்து ஓடிவந்தது. முன்னாலேயே வந்திருந்த வெள்ளையணுக் கூட்டம் கண்மண் தெரியாமல் சுரப்பியின் சுவரை உதைத்துக்கொண்டிருந்தது. அதுவும் தன் பங்குக்கு நாலு உதை விட்டது.

"யோவ், நிறுத்துய்யா!" என்று சுவர் அலறியது. "கிருமி செத்து மூணு மாசமாச்சு. நீங்க உதைச்சு உதைச்சே நான் வீங்கிக் கிடக்கேன். மூத்திரக் குழாய் நசுங்குது. வெளியே அந்த மனுசன் துடிக்கிறான்யா!"

வெள்ளையணு பதறிப்போய் மூலைமுடுக்கெல்லாம் தேடியது. கிருமியின் வாடைகூட இல்லை. திரும்பிப் போகப் புறப்பட்டது. ஆனால் மனசு கேட்கவில்லை. சுவரைத் தொட்டுப் பார்த்தது. நெருப்பாய்ச் சுட்டது.

"சும்மாவா இப்படி வீங்கும்?" என்று முணுமுணுத்துவிட்டு, அடிவயிற்றிலிருந்து கூவியது.

"கிருமி வந்திருக்கு, ஓடிவாங்க!"