சிவப்புக் குடைக்காரி

நகோயாவில், நூடுல்ஸ் கடை மாடியில், நாங்கள் நாலு பேர் சேர்ந்து எங்கள் முதல் வீடியோ கேமைச் செய்தோம். அதில் ஊர் வாசலில் சிவப்புக் குடையோடு ஒருத்தி நின்று, கிளம்பும் வீரனிடம் "போயிட்டு வாங்க" என்பாள். புரோகிராம் எழுதிய நான் அவளை எழுதவில்லை. ஓவியர் செகாவாவும் வரையவில்லை.

"நான் வரைஞ்சிருந்தா குடை இவ்ளோ கேவலமாவா இருக்கும்?" என்றாள் செகாவா.

"யார் வரைஞ்சா என்ன, அம்சமா நிக்கிறா. விட்ருங்கப்பா," என்றார் முதலாளி குராமோச்சி.

கேம் பிய்த்துக்கொண்டு போனது. இரண்டாவதை முதல் வரியிலிருந்து புதிதாக எழுதினோம். அதிலும் அதே குடையோடு நின்றாள். அதுவும் ஓடியது. கண்ணாடிக் கட்டடத்துக்குக் குடிபோனோம்.

எங்கள் ஜப்பானிய வழக்கப்படி, வழியனுப்புகிறவர்தான் திரும்பி வருபவரை வரவேற்கவும் வேண்டும். அதை மட்டும் அவள் செய்ததே இல்லை.

மூன்றாவது, விண்வெளிக் கதை. அதில் அவள் வரவில்லை. வாங்க ஆளும் வரவில்லை. கம்பெனியை மூடிவிட்டு நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் போனோம். நான் இதற்கெல்லாம் மிரளுகிற ஆள் இல்லை. எனக்கு வேலை தெரியும். ஒசாகாவில் ஒரு பெரிய கம்பெனி கார் பந்தய கேம் செய்யக் கூப்பிட்டது. மனிதர்களே இல்லாத கேம். கார், சாலை, அவ்வளவுதான்.

முதல் சோதனை ஓட்டத்தை நானே ஓட்டினேன். முடிவுக்கோட்டுக்கு அப்பால் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

"யாருங்க அது? இதுல ஆளே கிடையாதே!" என்றார் பக்கத்திலிருந்த மேலாளர் தொமியாசு.

கார் கோட்டைத் தாண்டி நின்றது. திரையில் எழுத்துகள் வந்தன.

"வந்துட்டீங்களா? மத்த மூணு பேர் எங்க?"