நேற்றைய ரொட்டி

வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, சூப்பைக் கொதிக்கவிட்டு, ஓவனில் வைக்கிற பீங்கான் கிண்ணங்களையும் எடுத்து வைத்த பிறகுதான் லூசியனுக்கு உறைத்தது. சூப்பின் மேல் போட்டு, சீஸ் தூவிச் சுட வீட்டில் ரொட்டி இல்லை! லியோன் நகரத்தின் அந்தத் தெருமுனை ரொட்டிக்கடைக்கு ஓடி, வரிசையில் நின்றார்.

"என்ன வேணும்?" என்றாள் கடைக்காரி ஒதில்.

"நேத்து சுட்ட ரொட்டி ஒண்ணு, மேடம்."

வரிசையே அவரைத் திரும்பிப் பார்த்தது.

"நேத்து ரொட்டியா? என் கடையிலயா?" ஒதில் இடுப்பில் கைவைத்தாள். "இங்க எல்லாம் அன்னன்னைக்கே வித்துத் தீர்ந்துடும். பழசு வேணும்னா எதிர்க்கடைக்குப் போங்க. அங்க புதுசே அப்படித்தான் இருக்கும்!"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"வெங்காய சூப்புக்கு மேடம்... புது ரொட்டி போட்டா கூழாயிடும்..."

"அடுத்தது யாரு?"

லூசியன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீடு திரும்பினார்.

இரவு கடையை மூடிய ஒதில், நேரே லூசியனின் வீட்டுக்கு வந்து தன் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தாள். கோட்டுக்குள்ளிருந்து ஒரு காய்ந்த ரொட்டியை எடுத்து, மேசையில் 'டொக்'கென்று வைத்தாள்.

"கட்டின பொண்டாட்டிகிட்ட இதை ஊர் முன்னாடியாய்யா கேப்பே? சீக்கிரம் சீஸைத் துருவு, பசிக்குது!"