குறைந்துபோன கெண்டைக் குஞ்சுகள்

நாலாயிரத்து இருநூற்று அறுபது ரூபாய் என் பெயரில் கடனாக நிற்கிறது. குளத்தில் குறைந்துபோன கெண்டைக் குஞ்சுகளை நான்தான் விற்றேனாம். அந்தப் பணத்தைக் கூலியில் பிடிக்கப்போகிறார் முதலாளி. தண்ணீர் வற்ற வற்றச் சேறு வெயிலில் மினுங்குகிறது. கரையில் நிற்கும் அவர் வலையைப் பார்க்கவில்லை, என் மடியைப் பார்க்கிறார். முழங்கை நீள விரால் ஒன்று வலையில் துள்ளுகிறது. நாங்கள் விடாத மீன்; வாய்க்கால் வழியாக வந்திருக்க வேண்டும். அங்கேயே வயிற்றைக் கீறுகிறேன். விரலளவுக் கெண்டைகள் ஒன்பது வழுக்கி விழுகின்றன. "இது ஒண்ணு எவ்வளவுய்யா தின்னுடும்?" என்கிறார். "ஒண்ணு இல்லைங்க. சேத்துல பாருங்க, குடும்பமே புரளுது." குனிந்து ஒவ்வொரு முதுகாக எண்ணுகிறார். "குஞ்சை விரால் தின்னுச்சு, சரி. இத்தனை நாள்ல எத்தனை விராலை நீ தின்ன?" என்று கேட்டபடியே நோட்டில் என் கடனைக் கோடு போட்டு அடிக்கிறார்.