முருங்கைக் கரி

அவளுக்கு மூக்கு அரித்தது. ஆனாலும் கையைத் தூக்கவில்லை.

அசைந்தால் முகம் கெட்டுப்போகும் என்று டிராயிங் சார் சொல்லியிருந்தார். எதிரில் முட்டி இடிக்க உட்கார்ந்து ஹேமலதா அவளை வரைந்துகொண்டிருந்தாள்.

எட்டாம் வகுப்பில் இத்தனை நேரம் யாரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை.

ஹேமலதா பார்க்கிறாள், குனிகிறாள், கோடு போடுகிறாள், மறுபடி பார்க்கிறாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.

அந்தப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் பீரியட் என்பது அதுவரை சுவரில் ஒட்டிய அட்டவணையில் மட்டும்தான் இருந்தது. அந்த நேரத்தைக் கணக்கு டீச்சர் கேட்காமலே எடுத்துக்கொள்வார். இந்த வருஷம்தான் ஒருவர் வந்து சேர்ந்தார். பகுதிநேர வாத்தியார், இஸ்திரி கலையாத சட்டை. முதல் வகுப்பில் அவர் படமே வரைய விடவில்லை. பென்சில் வேண்டாம், அடுத்த வாரம் ஆளுக்கொரு கரித்துண்டு கொண்டுவாருங்கள், கரியில்தான் பயமில்லாமல் கோடு போட வரும், தப்பானால் விரலால் துடைத்துவிடலாம் என்றார். செய்கிற விதத்தையும் சொன்னார். முருங்கைக் குச்சியைத் தோலுரித்து டப்பாவில் அடைத்து, மூடியில் ஆணியால் ஓர் ஓட்டை போட்டு நெருப்பில் வைக்க வேண்டும்.

எல்லார் வீட்டிலும் கேஸ் அடுப்பு. வகுப்பே வெறுங்கையோடு வந்தது.

அவள் மட்டும் பிஸ்கட் டப்பா நிறையக் கொண்டுவந்தாள்.

முதல் தடவை அவசரப்பட்டுச் சூட்டோடு மூடியைத் திறந்ததில் எல்லாம் சாம்பலாகிப் போயிருந்தது. இரண்டாம் தடவை அம்மா திட்டத் திட்ட வெந்நீர் அடுப்பை விட்டு நகரவில்லை. டப்பா ஆறும்வரை தொடவுமில்லை. கருகருவென்று குச்சி குச்சியாக வந்தது. தட்டினால் கண்ணாடி வளையல் மாதிரிச் சத்தம்.

சார் ஒரு குச்சியை ஒடித்துப் பார்த்தார். முருங்கைக்கே உரிய நடு ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நானே செய்தாலும் இவ்வளவு சுத்தமாக வராது என்று வகுப்புக்கே கேட்கச் சொன்னார். அவரே டப்பாவை எடுத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போய்க் கொடுத்தார். கடைசி பெஞ்சில் தனியாக இருந்த அவளை எழுப்பி, ஹேமலதாவுக்கு எதிரில் உட்கார வைத்தார்.

சங்கவி, தாடையைக் கொஞ்சம் தூக்கு என்றாள் ஹேமலதா. பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சங்கவிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தாடையைத் தூக்கினாள்.

அப்போதுதான் ஜன்னலோரத்தில் இருந்த ஒருவன் கேட்டான். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

"இவங்கப்பா சுடுகாட்டுலதான வேலை பாக்குறாரு?"

அவ்வளவுதான். மீதியை வகுப்பு தானாகவே முடித்துக்கொண்டது.

ஒரு கரித்துண்டு கீழே விழுந்தது. அப்புறம் வரிசையாக விழுந்தன. கன்னத்தில் கரி அப்பியிருந்த ஒருத்தி அழ ஆரம்பித்தாள். ஒருவன் கையைச் சுவரில் தேய்த்தான். ஹேமலதா விரல்களை விரித்துத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தாள்.

முருங்கைக் குச்சி என்றாள் சங்கவி.

அவள் சொன்னது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அப்பாவின் வேலையில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், சொந்தக்காரர்கள் போன பிறகும் நெருப்பின் பக்கத்தில் நிற்கிறவர் அவர்தான். போன மாசம் ஹேமலதாவின் தாத்தாவுக்கும் அவர்தான் நின்றார். குளிக்காமல் வீட்டுப்படி ஏற மாட்டார். அங்கிருந்து ஒரு சுள்ளியைக்கூடக் கொண்டுவர மாட்டார்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? சார் சொன்னால் போதும்.

அவள் சாரைப் பார்த்தாள். செய்யச் சொன்னவர் அவர். ஒடித்துப் பார்த்தவர் அவர். ஒரு வார்த்தை சொன்னால் எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள். ஹேமலதா குனிந்து மீதி முகத்தையும் வரைந்துவிடுவாள்.

சார் அழுகிறவளைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

எல்லாரும் போய்க் கை கழுவிவிட்டு வாருங்கள் என்றார்.

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. வகுப்பு காலியானது. குழாயடியில் தள்ளுமுள்ளு, சோப்பு கேட்டு யாரோ கத்துகிற சத்தம்.

சாரும் போனார்.

சங்கவி தரையில் கிடந்த கரியைப் பொறுக்கினாள். பாதி மிதிபட்டுப் பொடியாகியிருந்தது. ஹேமலதாவின் தாளும் கீழே கிடந்தது. அதில் இரண்டு கண்கள், ஒரு மூக்கு. மூக்கு அவளுடையது மாதிரியேதான் இருந்தது. வாய் வருவதற்குள் ஹேமலதா எழுந்துவிட்டாள். ஓரத்தில் ஒரு செருப்புத் தடம்.

மடித்தால் கரி அப்பிவிடும். தாளை விரித்தபடியே மடியில் வைத்துக்கொண்டாள்.

சார் திரும்பி வந்தார். மற்றவர்கள் இன்னும் குழாயடியில்தான் இருந்தார்கள். வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அவளருகே வந்து குனிந்தார்.

"முருங்கைதான்னு எனக்குத் தெரியும்மா."

அதை அவ்வளவு மெதுவாகச் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து எல்லாரும் பென்சிலே கொண்டுவரட்டும் என்றார்.

அவள் தலையாட்டினாள்.

அவர் கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நன்றாகத்தான் கழுவியிருந்தார். நகக்கண்ணில்கூடக் கரி இல்லை.