கோடு தாண்டிய பந்து

"அறிவு இருக்குதாடா உனக்கு? யார்ரா உன்ன வாயத் தொறக்கச் சொன்னது?"

பி.டி. மாஸ்டர் குப்புராஜ் போட்ட சத்தத்தில், ஜெயித்த குஷியில் குதித்துக்கொண்டிருந்த எதிர் டீம் பையன்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

கோல் கீப்பர் ராபின் கால் பேடைக்கூடக் கழற்றாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

கத்தாமல் என்ன செய்வார் மனுஷன்? திருவள்ளூர் மாவட்டத்திலேயே இப்படி ஒரு காலேஜ் ஹாக்கி டீம் கிடையாது. ஐந்து மேட்சில் முப்பத்தோரு கோல் போட்டிருந்தார்கள். வாங்கியது? ஒன்றுகூட இல்லை. ஃபைனலிலும் பந்து பூராவும் இவர்கள் மட்டையில்தான். நாலு ஷாட் கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்தது. கிரகசாரம்!

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எதிர் டீம் ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் வந்தது. கோல் வாயில் ஒரே தள்ளுமுள்ளு. ராபினின் பேடுக்கு அடியில் பந்து புகுந்தது. ஃபுல் பேக் குணா சட்டென்று அதை மட்டையால் வெளியே இழுத்துவிட்டான்.

பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா? அம்பயருக்கு ஆட்கள் மறைத்துவிட்டார்கள். குணாவைக் கேட்டார்.

"சத்தியமா இல்ல சார். கோட்டு மேலயே நின்னுச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்!" என்றான் குணா, இமைகூடத் தட்டாமல்.

அம்பயர் சரியென்று தலையாட்டப் போன நேரத்தில்தான் ராபின் வாயைத் திறந்தான்.

"உள்ள பூட்ச்சு சார். ஒரு சாண் இருக்கும்."

அவ்வளவுதான். ஒன்றுக்கு சைபர். கோப்பை போயே போச்சு.

"நல்லா ஆடுற டீமுதான் ஜெயிக்கும்னு இருபது வருசமா சொல்லிக்கினு திரியறேன். என் மூஞ்சில கரியப் பூசிட்டியேடா!"

"நாம நல்லாத்தான் சார் ஆடுனோம்."

"பேசாத! அந்த பிரேக் கம்பெனி ஆளுங்க இன்னாத்துக்குடா ஃபைனல் பாக்க வந்துருக்காங்க? ஆள் எடுக்க. பர்மனன்ட் வேல! உங்கம்மா பதினோரு வருசமா அங்கதான கான்ட்ராக்டுல பெருக்கிக்கினு இருக்குது? அத நெனச்சுப் பாத்தியா?"

"நெனச்சேன் சார். ஆனா உள்ள போனது போனதுதான?"

குப்புராஜ் தலையில் அடித்துக்கொண்டார்.

பரிசளிப்பு விழா ஆரம்பித்தது. சிறப்பு விருந்தினர், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் பிரேக் செய்கிற அந்தக் கம்பெனியின் மேனேஜர் பூவராகவன். மைக்கைப் பிடித்தார்.

"ஜெயிக்கிற டீம்தான் சிறந்த டீம் என்று யார் சொன்னது? இன்றைக்குச் சிறந்த டீம் தோற்றுப் போயிருக்கிறது. ஏன்? ஒரு பையன் பொய் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் அந்த கோல் கீப்பர்தான் இன்றைய சாம்பியன்! நேர்மை... எங்கள் கம்பெனி வாசலிலேயே அதைத்தான் எழுதி வைத்திருக்கிறோம்."

தனக்குப் போட்ட சால்வையை எடுத்து ராபினுக்குப் போர்த்திவிட்டார். கைதட்டல் அடங்கவே இல்லை. குப்புராஜுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சே, இந்தத் தங்கத்தையா அந்தத் திட்டு திட்டினோம்!

மேடையை விட்டு இறங்கிய பூவராகவன் அவரிடம் வந்தார். "மாஸ்டர், குவாலிட்டி செக்‌ஷன்ல ஒரு பர்மனன்ட் இடம் காலியா இருக்கு. திங்கக்கிழமை ராபினையும் அந்த ஃபுல் பேக்கையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டுல ஒருத்தர எடுத்துக்கறோம்."

ரெண்டில் ஒருத்தராம்! அது யார் என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வேலையாக குப்புராஜ் ராபின் வீட்டுக்குப் போனார்.

"வேல உம் புள்ளைக்குத்தாம்மா. நீ ஒண்ணியும் கவலப்படாத."

ராபினின் அம்மா மெர்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வருசா வருசம் கான்ட்ராக்ட நிறுத்திடுவாங்களோன்னு பயந்துக்கினே காலம் தள்ளிட்டேன் சார். எம் புள்ள பேட்ஜ் குத்திக்கினு அந்த கேட்டுல நொழையறதப் பாத்துட்டா போதும். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

திங்கட்கிழமை. பையன்கள் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசினார்கள். அப்புறம் பூவராகவன் குப்புராஜை உள்ளே அழைத்து, வேலை உத்தரவை நீட்டினார்.

வாங்கிப் படித்த குப்புராஜ் சிரித்துவிட்டார்.

"சார், டைப் அடிச்சவங்க பேர மாத்திப் போட்டுட்டாங்க போல. குணான்னு இருக்குது."

"மாறல மாஸ்டர். கரெக்டாத்தான் இருக்கு."

குப்புராஜ் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெளியே பெஞ்சில் ராபின் உட்கார்ந்திருக்கிறான். கூட்டிப் பெருக்குகிற சாக்கில் மெர்சி நாலு தடவை அந்தப் பக்கமாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

"நீங்கதான சார் மேடையில அப்படிப் பேசுனீங்க?"

"பேசுனேன். இப்பவும் சொல்றேன், ராபின் மாதிரி ஒரு பையன் லட்சத்துல ஒருத்தன். தங்கம்!"

"அப்புறம் இன்னா சார்?"

பூவராகவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இது குவாலிட்டி செக்‌ஷன் மாஸ்டர். மாசா மாசம் ஆடிட்டர் வந்து, 'இந்த பிரேக்கையெல்லாம் டெஸ்ட் பண்ணிட்டுத்தான் அனுப்புறீங்களா?'ன்னு கேப்பாரு. இவன் பாட்டுக்கு வாயத் தொறந்துட்டான்னா?"