மைனஸ் முப்பத்திரண்டு

வெளிப்பக்கத்துத் தாழ்ப்பாள் விலகியது. “வா வெளியே. இன்னைக்குத் தீர்ப்பு,” என்றாள் அம்மா.

நான்கு வருஷமாக அவனுக்கு அந்த அறைதான். ஜன்னலுக்கு அட்டை, சுவருக்கு வரைபடங்கள். தாழ்ப்பாள் அவன் ஓடிவிடாமல் இருக்க அல்ல, யாரும் உள்ளே புகுந்து கவனத்தைக் கலைக்காமல் இருக்கத்தான் என்பாள் அம்மா. அப்பா டி.வி.யைக்கூட ஊமைப் படமாகத்தான் பார்ப்பார்.

அவனுக்கு ஒரே ஆசை. சித்தப்பாவின் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். அம்மாவிடம் சொல்லியும் பார்த்துவிட்டான்.

“ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடவா பட்டம் வாங்கினே? போன தடவை ரெண்டே மார்க்குல போச்சு. உனக்கு வரும்டா. வராதுன்னு தெரியட்டும், அன்னைக்கே விட்டுடறேன்.”

அம்மா கணக்கு டீச்சர். பேச்சு என்றால் பேச்சு. பிடி என்றால் உடும்புப் பிடி. ஆட்சிப் பணித் தேர்வின் விதிகள் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பட்டம் இருக்கிறது, வயது வரம்பைத் தாண்ட இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, வாய்ப்பும் இரண்டு பாக்கி. பரீட்சைக்குப் போகாமல் இருந்தாலோ அந்த வாய்ப்பு கழியாது, பத்திரமாக அப்படியே இருக்கும். அதையும் அவன் யோசித்துப் பார்த்தவன்தான்.

முதல்நிலைத் தேர்வுக்கான சரியான விடைகள் அன்று வெளியாகியிருந்தன. அம்மா அவற்றை போனில் திறந்துவைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். அவனுடைய விடைத்தாள் நகல் தங்கையின் கையில்.

“ஒண்ணு, ஆ,” என்றாள் தங்கை.

“இ. தப்பு.”

“ரெண்டு, ஈ.”

“அ. தப்பு.”

இருபது தாண்டியதும் தங்கை அவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். “என்னடா அண்ணா, கண்ணை மூடிட்டு வட்டத்தைக் கறுப்படிச்சியா?”

“ஆமா, எதுவுமே தெரியலை. சும்மா விட மனசில்லாம அடிச்சுட்டேன்,” என்றான் அவன், தலையைக் குனிந்தபடி.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. எத்தனை தடவை படித்துப் படித்துச் சொல்லியிருப்பாள். நாலு விடையில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் அடித்தால் நாலு கேள்விக்கு ஒன்று சரியாக வரும். தப்பான மூன்றும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க்கைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். மிச்சம் சைபர். அதற்கு விட்டுவிட்டே வரலாம்.

நாற்பத்தொன்று வரைக்கும் தப்புதான். அப்பா டி.வி.யை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

“நாற்பத்திரண்டு, இ.”

அம்மாவின் பேனா நின்றது. “சரி,” என்றாள்.

ஃபிரிட்ஜின் பின்பக்கம் ஏன் சுடுகிறது என்ற கேள்வி அது. தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அப்பா இருமி மறைத்தார்.

பிறகு நூறு வரைக்கும் மறுபடியும் தப்புதான். அம்மா கூட்டிக் கழித்து, தாளின் மூலையில் மைனஸ் முப்பத்திரண்டு என்று எழுதினாள். எழுதியதை வெகுநேரம் பார்த்தாள்.

கடைசியில் அவள் குரல் இறங்கிப் போயிருந்தது. “சரிப்பா. உன் மூளை அங்கேதான் இருக்கு போல. சித்தப்பா கடைக்கே போ.”

அவன் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. முகத்தை மட்டும் எப்படியோ இழவு வீட்டு முகமாகவே வைத்துக்கொண்டான். இரண்டு சட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்தும் விட்டான்.

“கொஞ்சம் நில்லுடா.”

அம்மா அறைக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தாள். மற்றொரு கையில் விடைத்தாள்.

“கண்ணை மூடிட்டு அடிச்சிருந்தா நூறுல இருபத்தஞ்சாவது சரியா வந்திருக்கும். ஒண்ணும் தெரியாதவன் வாங்கறது சைபர். மைனஸ் முப்பத்திரண்டு வாங்கணும்னா, எது சரின்னு ஒவ்வொண்ணுக்கும் தெரிஞ்சிருக்கணும்.”

அவனுடைய இன்னொரு செருப்பு கால் விரலிலேயே தொங்கியது.

அம்மா நாற்பத்திரண்டாவது வட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

“இதை மட்டும் தப்பா எழுத மனசு வரலை, இல்ல?”